முத்திரை இல்லாத நகை... தங்கம்தானா?

உங்கள் வீட்டு பீரோவின் உள் லாக்கரைத் திறந்து பாருங்கள். சிவப்பு வெல்வெட் டப்பா ஒன்றும், நைந்துபோன சுருக்குப் பை ஒன்றும் நிச்சயம் இருக்கும். அதற்குள் பாட்டியின் அட்டிகை, அம்மாவின் கெட்டி வளையல், யாருக்கோ காது குத்தியபோது தாய்மாமன் போட்ட குட்டித் தோடு... எதிலும் எந்த முத்திரையும் இருக்காது. ஆசாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் குழலால் ஊதி உருக்குவதைக் கண் கொட்டாமல் பார்த்திருந்து, கையோடு வாங்கி வந்த காலத்து நகைகள் அவை. நம்பிக்கைதான் அதற்கு முத்திரை!

"அதெல்லாம் சரிங்க... நகைக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? இது ஆரோக்கியப் பத்திரிகைதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் பெரியம்மா காலமாகி, காரியமெல்லாம் முடிந்த பிறகு, நகைகளைப் பங்கு பிரிக்க எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சங்கிலி, தோடு எல்லாம் ஒரு நிறம். பெரியம்மா கல்யாணத்துக்குப் போட்ட ஜோடி வளையல் மட்டும் லேசாகச் சிவந்து, செம்பு கலந்தாற்போலத் தெரிந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா கையில இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான். கடைசி நான்கு வருடமாக பீரோ சாவி அண்ணியிடம்தான் இருந்தது. யாரும் வாய் விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், "காபி போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை.

அக்கா மகன் பி.எஸ்ஸி. படிக்கிறான். "இதுக்கு ஏன் சண்டை? ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடலாம்" என்று மறுநாள் தெரிந்த நகைப் பட்டறையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் நைட்ரிக் அமிலம் வாங்கி வந்துவிட்டான். ஜன்னல் சாத்திய சமையலறையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பித்தளைச் சொம்பின் மேல் முதலில் ஊற்றினான். சொட்டு விடப் போனவன், கை தவறிக் கால் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். பொங்கிக்கொண்டு செம்பழுப்பு நிறத்தில் புகை! பக்கத்தில் நின்ற என் சித்திக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இருமல் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இருமல் நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டதற்கு, "முடியாது, ராத்திரி முழுக்க இங்கேதான் இருக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏன் தெரியுமா? அந்தப் பழுப்புப் புகைக்கு நைட்ரஜன் டை ஆக்சைடு என்று பெயர். பொல்லாத வாயு. சுவாசித்தவுடன் தொண்டை எரியும், இருமல் வரும். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது போலத் தோன்றும். சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறல் வரலாம். அதனால்தான் அந்தக் காவல். நல்ல வேளையாகச் சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனின் விரல் நுனிகள் மட்டும் மஞ்சள் பூசியது போல் ஆகி, தோல் உரியும் வரை அந்தக் கறை போகவேயில்லை. தோலில் உள்ள புரதத்தோடு நைட்ரிக் அமிலம் சேர்ந்தால் அந்த நிறம் வரும்.

ஆசாரிகள் இதே அமிலத்தைத்தானே வைத்துக்கொண்டு சோதிக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் நகையின் மேல் அதை ஊற்றுவதில்லை. உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் மேலும் ஒரே ஒரு சொட்டு தடவி, எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார்கள். பித்தளைக் கோடு உடனே காணாமல் போகும். தங்கக் கோடு நிற்கும். கல்லில் உரைத்துப் பார்ப்பது வள்ளுவர் காலத்திலிருந்தே இருக்கிற முறை. அவர் கட்டளைக்கல் என்று சொல்வது இந்தக் கல்லைத்தான். அதைப் படித்தறிய பல வருடக் கண் பழக்கம் வேண்டும். நமக்கு அந்தக் கண் கிடையாது, புண்ணாகும் கைதான் உண்டு!

எனவே வீட்டில் அமிலம் வேண்டவே வேண்டாம். அமிலச் சில்லறை விற்பனைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றமே கடிவாளம் போட்டிருக்கிறது. அப்படியும் எங்காவது பட்டுவிட்டால், குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். அமிலம் பட்ட துணியையும், கையில் உள்ள மோதிரம், வாட்சையும் உடனே கழற்றிவிடுங்கள். சோடா உப்பு, மஞ்சள், பேஸ்ட் எதையும் அப்பாதீர்கள். கண்ணில் தெறித்தால் இமையை விலக்கிப் பிடித்து அதே 20 நிமிடம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெருகேற்றுவதற்காகச் சில பட்டறைகளில் சயனைடு புழங்குவதுண்டு. "கொஞ்சம் குடுங்க, வீட்ல நகையைப் பளபளன்னு ஆக்கிக்கறேன்" என்று அதை வாங்கி வந்து அலமாரியில் வைப்பது, பாம்பைப் பிடித்து வந்து டப்பாவில் வைப்பதற்குச் சமம். நகையில் அழுக்கா? வெந்நீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். போதும்.

வீட்டில் என்னதான் செய்யலாம்?

முதலில் கண்ணால் பாருங்கள். சும்மா மேலோட்டமாக அல்ல, ஒரு லென்ஸ் வைத்துக்கொண்டு. முலாம் பூசிய நகை தேய்கிற இடத்தில்தான் தன் குட்டை வெளிப்படுத்தும். சங்கிலியில் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடம், கொக்கி, திருகாணியின் மரை, பதக்கத்தின் பின்புறம், வளையலின் உள்பக்கம். இங்கெல்லாம் வெள்ளையாகவோ, செம்பாகவோ, பச்சைக் களிம்பாகவோ தெரிந்தால் சந்தேகப்படலாம்.

"போட்டா கழுத்து கறுக்குது, அதனால இது தங்கமே இல்ல" என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். 22 காரட் தங்கத்திலும் நூற்றுக்கு எட்டுப் பங்கு செம்பு, வெள்ளி போன்ற வேறு உலோகம் இருக்கிறது. வியர்வையும், முகப் பவுடரும், கிரீமும் சேர்ந்தால் நல்ல நகையும் சிலருக்குக் கறுப்பு ஏற்றும்.

காந்தம் வைத்துப் பார்ப்பது அடுத்தது. ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். (கொக்கிக்குள் சின்ன ஸ்பிரிங் இருந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டும், பயப்பட வேண்டாம்.) ஒட்டாவிட்டால்? ஒன்றுமே அர்த்தமில்லை! செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. போலி நகை செய்பவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்குப் பிடித்தது தண்ணீர் சோதனைதான். செலவில்லை, ஆபத்தில்லை, நகைக்கு ஒரு கீறல் கிடையாது. கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸின் பெயரோடு பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தத்துவம். தங்கம் கனமான உலோகம். ஒரே எடையுள்ள தங்கத்தையும் பித்தளையையும் எடுத்துக்கொண்டால் தங்கம் பாதி இடத்தைக்கூட அடைக்காது.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். முதலில் நகையை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். நகையை மெல்லிய தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு ஒரு சின்ன எடை காட்டும். முதல் எடையை இந்த எடையால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி.

20 கிராம் வளையல் என்று வைத்துக்கொள்வோம். தராசு 1.12 காட்டினால் விடை கிட்டத்தட்ட 17.9. இது 22 காரட்டுக்கு உரிய எண். 18 காரட் என்றால் 15, 16 என்று வரும். 14 காரட் 13-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளி 10.5, செம்பு 9, பித்தளை 8.5. சுத்தத் தங்கம் 19.3.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கல் பதித்த நகை, உள்ளே அரக்கோ மெழுகோ அடைத்த நகை, காற்று அடைபட்ட கூடு நகை இவற்றில் கணக்குப் பொய்யாகிவிடும். இரண்டு கிராம் தோட்டிலும் வேண்டாம், தராசின் சின்னப் பிழையே விடையைக் கவிழ்த்துவிடும். டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி கிட்டத்தட்ட தங்கத்தினுடையதேதான். அதை வளைத்து நெளித்து நகை செய்வது லேசில்லை என்பதால், அந்த மோசடி பெரும்பாலும் தங்கக் கட்டிகளில்தான் நடக்கிறது.

கடித்துப் பார்ப்பது? சினிமாவோடு சரி! நம் பல்லின் எனாமல் தங்கத்தைவிடக் கடினமானதுதான். ஈயம் தங்கத்தைவிட மெத்து, அதிலும் பல் பதியும். அப்படியானால் நீங்கள் கடித்தது எது? வாயில் போனது எது?

பாதரசத்தையும் தங்கத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். பழைய தெர்மாமீட்டர் உடைந்து சிந்தியதைக் கையால் கூட்டிய அம்மாக்கள் பலர், மோதிரம் வெள்ளையாகிவிட்டதைப் பார்த்து "ஐயோ, போலியா!" என்று பதறியிருக்கிறார்கள். போலி இல்லை. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து இரசக்கலவை ஆகிவிடும், அவ்வளவுதான். பெரிய தப்பு அதற்கு அப்புறம் நடப்பது. அந்த மோதிரத்தை அடுப்பில் காட்டினால் நிறம் திரும்பிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காட்டினால் பாதரச ஆவி வீடு முழுக்கப் பரவும். நுரையீரலுக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அது விஷம்.

காது சொல்லும் செய்தி

சில சமயம் நகையின் குலத்தை முதலில் கண்டுபிடிப்பது நம் காதுமடல்தான்! தோடு போட்ட இடத்தில் அரிப்பு, சிவப்பு, நீர் வடிதல்... கழற்றினால் அடங்கும், போட்டால் திரும்ப வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் நிக்கல். விலை மலிவான நகைகளில் முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது சர்வ சாதாரணம். மேல் முலாம் தேய்ந்ததும் அது தோலைத் தொடுகிறது. ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் கூட வரும். வாட்ச் பின்புறம், ஜீன்ஸ் பட்டன் எல்லாமே பகையாகிவிடும்.

அதனால்தான் புதிதாகக் காது குத்திய குழந்தைக்கு, எதில் செய்தது என்று தெரியாத தோடு போடாதீர்கள் என்கிறேன். ஆறாத புண்ணின் வழியாகத்தான் இந்த ஒவ்வாமை சுலபமாக நுழைகிறது. அரிப்பு இருந்தால் "நகை போலி" என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். திருகாணி அழுக்கினால் வரும் சீழும், சோப்பு ஒவ்வாமையும் இதே போல் இருக்கும். வெள்ளைத் தங்கம் என்று விற்கும் அசல் நகைகளிலும் சிலவற்றில் நிக்கல் உண்டு. தோல் டாக்டரிடம் போனால் முதுகில் பேட்ச் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

போலி நகையைப் பற்றி என்னை நிஜமாகவே பயமுறுத்தியது வேறொரு செய்தி. 2006-ல் அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன், கை வளையத்தில் தொங்கிய சின்ன இதய வடிவப் பதக்கத்தை விழுங்கிவிட்டான். அது கிட்டத்தட்ட முழுவதும் ஈயம். பையன் பிழைக்கவில்லை. பால்குடிக் குழந்தைகள் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்புவதைச் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறோமே... அது என்ன உலோகம் என்று தெரிந்தால்தான் சிரிக்கலாம்.

200 ரூபாயில் விடை

சரி, நிச்சயமாகத் தெரிந்துகொள்ள எங்கே போவது? பெரிய கடைகளில் காரட் மீட்டர் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது மேல் தோலைத்தான் பார்க்கும். கெட்டியாக முலாம் பூசியிருந்தால் ஏமாறக்கூடும். துளி வெட்டியெடுத்து, ஈயத்தோடு சேர்த்து உலையில் வைத்து, மற்றதையெல்லாம் பிரித்துவிட்டு மிஞ்சும் தங்கத்தை எடைபோடுவதுதான் அப்பழுக்கில்லாத சோதனை. தீயில் இறக்கிப் பார்ப்பது என்பார்களே, அதுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்திய தர நிர்ணய அமைப்பு, அதாவது பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில், நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களும் பழைய நகையைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகை வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் என்று 2022-ல் அறிவித்தார்கள். எழுத்து மூலமாக ரிப்போர்ட் தருவார்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள்.

வாசலில் வந்து "அம்மா, நகைக்கு பாலிஷ்" என்று கூப்பிடுகிறவரிடம் மட்டும் சோதிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அவர் நகையை முக்கும் திரவத்தில் ராஜ திராவகம் கலந்திருக்கலாம். நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்த கலவை அது. தங்கத்தையே கரைத்துவிடும். நகை பளபளப்பாகத் திரும்பி வரும், ஒரு சவரன் குறைந்து!

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் பி.ஐ.எஸ். சின்னம், 22K916 போன்ற தர எண், ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் இருந்தால்தான் கடைக்காரர் விற்க முடியும். (இரண்டு கிராமுக்கும் குறைவான நகைக்கு விலக்கு உண்டு.) பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த ஆறையும் தட்டிப் பார்க்கலாம். உங்கள் பீரோவில் இருக்கும் பழைய நகை முத்திரை இல்லாததால் செல்லாமல் போய்விடாது.

"எங்க நகையில கே.டி.எம்.னு போட்டிருக்கே" என்பீர்கள். அது சுத்தத்துக்கான முத்திரையே இல்லை. பற்றவைக்க காட்மியம் சேர்த்த பொடி பயன்படுத்தினார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். முன்பெல்லாம் செம்பு போன்ற உலோகம் கலந்த பொடியால் ஒட்டுவார்கள். இணைப்பு அதிகமான நகையை உருக்கினால் மாற்றுக் குறைந்துவிடும். காட்மியம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் அதன் புகையைச் சுவாசித்த ஆசாரிகளின் நுரையீரலும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுத்தன. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் காட்மியம் இருக்கிறது. பற்றவைத்து முடித்த நகையை அணிகிறவருக்கு அந்தப் புகை ஆபத்து இல்லை. வீட்டில் நகையை நெருப்பில் காட்டிச் 'சோதிக்க' நினைக்கிறவருக்கு உண்டு.

பெரியம்மாவின் வளையலுக்கு வருகிறேன். சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். 20 கிராம் வளையலுக்குத் தராசு 1.50 காட்டியது. வகுத்தால் 13.3. பித்தளையும் இல்லை, 22 காரட்டும் இல்லை! அக்காவின் சந்தேகம் இன்னும் கூடித்தான் போனது. நானும் அண்ணியும் ஹால்மார்க் மையத்துக்குப் போனோம். ரிப்போர்ட்டில் தங்கம் நூற்றுக்கு 58 என்று இருந்தது. அதாவது 14 காரட்.

அதைக் கேட்டுவிட்டு, மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "எங்க கல்யாணம் அறுபத்து நாலுல. அப்ப பதினாலு காரட்டுக்கு மேல புது நகை செய்யக்கூடாதுன்னு சட்டம். உங்கம்மாவுக்கு அது கடைசி வரைக்கும் குறைதான்" என்றார்.

உண்மைதான். சீன யுத்தத்துக்குப் பிறகு, 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. தங்கத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் மோகத்தைக் குறைக்கவேண்டும் என்று, புதிதாகச் செய்யும் நகைகள் 14 காரட்டுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். சில வருடங்களில் அந்த வரம்பு நீங்கிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் கல்யாணமான பெண்களின் கையில் அந்தச் சிவந்த தங்கம் தங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் அந்த வருடங்களில் கல்யாணமான பாட்டி இருந்தால், அவர் நகையைப் பற்றி யாரையும் சந்தேகப்படும் முன் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து வருடத்தைப் பாருங்கள்.

அக்கா வளையல் இரண்டையும் எடுத்து அண்ணி பக்கம் நகர்த்தினாள். அண்ணி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். பீரோ சாவியையும் அதோடு சேர்த்து வைத்தார். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும், அக்கா" என்றார். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.